ஈரமும் வெப்பமும்: தீவுகளில் பொறியியல் பிளாஸ்டிக்குகள்

(கார் நிக்கோபாரில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய உரை)



கடும் வெப்பத்திலும் கடுங்குளிரிலும் பிளாஸ்டிக்குகள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதைக் கார் நிக்கோபாரில் வந்து பேசுவானேன் என்று சிலருக்குத் தோன்றக்கூடும். இத்தீவில் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரும்பாலும் 22 டிகிரி சென்டிகிரேடுக்கும் 32 டிகிரிக்கும் இடையில்தான் நிற்கிறது. உறைபனி இங்கு இல்லை. பாலைவனக் கோடையும் இல்லை. தேங்காய் எண்ணெயையே எடுத்துக்கொள்வோம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும். தில்லியில் மார்கழி மாதத்தில் அதைக் கரண்டியால் தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. கொப்பரையே வாழ்வாதாரமாகிய இத்தீவிலோ அது உறைந்து கண்டவர் மிகக் குறைவு.

ஆனால் தீவின் வெப்பநிலை வேறு, தீவில் பயன்படும் பொருள்களின் வெப்பநிலை வேறு. இங்குள்ள ஓடுதளத்திலிருந்து எழும்பும் விமானம் ஒரு மணி நேரத்துக்குள் சுழிக்குக் கீழே 50 டிகிரிக் குளிரை அடைந்துவிடுகிறது. இன்னும் மேலே, சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில், வெப்பமண்டலக் கடல்களின் மீதுள்ள காற்று சுழிக்குக் கீழே 80 டிகிரி வரை குளிர்ந்திருக்கிறது. துருவப் பகுதிகளின் மேல் அதே உயரத்தில் கோடையில் இவ்வளவு குளிர் இருப்பதில்லை. கீழே நோக்கினாலும் இதே கதைதான். கடலின் மேற்பரப்பு 28, 29 டிகிரியாக இருக்க, அந்தமான் கடலின் ஆழ்நீர் சுமார் 5 டிகிரியில் அசையாமல் நிற்கிறது. மேற்கே வங்கக் கடலின் 3000 மீட்டர் ஆழத்தில் அது 2 டிகிரியை நெருங்குகிறது. நண்பகல் வெயிலில் நிற்கும் கரிய தண்ணீர்த் தொட்டியின் புறச்சுவரும், சூரிய மின்தகட்டின் முதுகுப்புறமும் 60 டிகிரியைத் தொடுவது இங்கு வழக்கமே.

இந்த எல்லைகளுக்கிடையே ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அலுவலர் என்ன செய்கிறார்? உற்பத்தியாளர் அனுப்பும் விவரத்தாளைப் பார்க்கிறார். அதில் 120 என்றோ 250 என்றோ ஒரு வெப்பநிலை எண் இருக்கும். எண் பெரிதாக இருந்தால் பொருள் உயர்ந்தது என்று எண்ணுவது இயற்கை. அந்த ஓர் எண்ணைக் கொண்டு தீவுகளுக்குப் பொருள் வாங்கலாகாது என்பதே என் வாதம். இங்கு உடைந்துபோன ஒரு பல்சக்கரத்துக்கோ வால்வுக்கோ மாற்று வேண்டுமானால் கப்பல் வர வேண்டும். கடல் சீற்றமாக இருந்தால் அதுவும் தாமதமாகும். தரைப்பகுதியில் சிறு தொல்லையாக முடிவது, இங்கு ஒரு சிற்றூரின் குடிநீரையோ மருத்துவமனையின் மின்சாரத்தையோ நிறுத்திவிடும்.

கண்ணாடியும் ரப்பரும்

முதலில் அடிப்படையைச் சற்றுப் பார்ப்போம். பிளாஸ்டிக் என்பது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளின் தொகுதி. குளிர்ந்த நிலையில் இச்சங்கிலிகள் இருந்த இடத்தில் இறுகிக் கிடக்கின்றன. பொருள் கண்ணாடி போல விறைப்பாகவும் சில வேளைகளில் நொறுங்கும் தன்மையுடனும் இருக்கிறது. வெப்பம் ஏற ஏற, ஒரு குறிப்பிட்ட நிலையில் சங்கிலிகளின் பகுதிகள் அசையத் தொடங்குகின்றன. அதற்கு மேல் பொருள் தளர்ந்து, தோல் போலவோ ரப்பர் போலவோ ஆகிறது. இந்த எல்லையைக் கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலை என்கிறோம். இது உருகுநிலை அன்று. உருகுதல் என்பது படிகமாக அடுக்கப்பட்ட பகுதிகள் கலைவது. கண்ணாடி நிலை மாற்றம் என்பது ஒழுங்கின்றிக் கிடக்கும் பகுதிகள் இளகுவது. ஒரே பிளாஸ்டிக்கில் இரண்டும் இருக்கலாம்.

எண்கள் சிலவற்றைச் சொல்கிறேன். பாலிஎத்திலீனின் கண்ணாடி நிலை மாற்றம் சுழிக்குக் கீழே 110 டிகிரிக்கும் அப்பால் இருக்கிறது. ஆகவே சாதாரணக் குளிரில் அது நொறுங்குவதில்லை. ஆனால் 130 டிகிரி அளவில் உருகிவிடுகிறது. பி.வி.சி. சுமார் 80 டிகிரியில் இளகுகிறது. பாலிகார்பனேட்டுக்கு இந்த எல்லை 150 டிகிரிக்கு அருகில். பீக் எனப்படும் உயர்தரப் பிளாஸ்டிக் 143 டிகிரியில் சற்றுத் தளர்ந்தாலும் 343 டிகிரி வரை உருகுவதில்லை. 1938-இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த டெஃப்லான் 327 டிகிரியில் உருகுகிறது. 260 டிகிரி வரை ஆண்டுக்கணக்கில் பயன்படுகிறது. பாலிஇமைடு என்னும் மஞ்சள் நிறத் தகட்டுக்கு உருகுநிலையே இல்லை என்று சொல்லலாம். விண்கலங்களைப் போர்த்தியிருக்கும் பொன்னிறப் போர்வைகளில் இருப்பது அதுதான்.

இவ்வரிசையைக் கேட்டதும், விலை கட்டுப்படியானால் எல்லா இடத்திலும் கடைசிப் பொருள்களையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். சற்றுப் பொறுங்கள்.

விவரத்தாளின் எண்

விவரத்தாள்களில் பெரிய எழுத்தில் காணப்படுவது பெரும்பாலும் சுமையின் கீழ் வளையும் வெப்பநிலை. ஒரு சிறு பட்டையைப் பிளாஸ்டிக்கில் செய்து, அதன் நடுவே குறிப்பிட்ட எடையை ஏற்றி, எண்ணெயில் அமிழ்த்தி, நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் சூடேற்றுகிறார்கள். பட்டை ஒரு நூலிழை அளவு வளைந்ததும் வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். சோதனை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

கண்ணாடி இழை கலந்த நைலான் 66 இந்தச் சோதனையில் 250 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது. இழை கலவாத பீக் 150-ஐச் சற்றுத் தாண்டியதும் வளைந்துவிடுகிறது. இந்த எண்ணை மட்டும் வைத்து ஒப்பந்தப்புள்ளியை முடிவு செய்தால், நைலான் வெற்றி பெறும். பல மடங்கு விலையுள்ள பீக் தோற்றுவிடும். ஆனால் ஆண்டுக்கணக்கில் சூட்டிலேயே இருந்து வலிமை பாதியாகாமல் நிற்கும் வெப்பநிலை எது என்று கேட்டால் விடை தலைகீழாகிறது. நைலானுக்கு அது பொதுவாக 105 முதல் 130 டிகிரிக்குள் அடங்கும். பீக்குக்கு 250-ஐ நெருங்கும். முதல் எண் கண்ணாடி இழையின் விறைப்பைச் சொல்கிறது. இரண்டாவது எண்தான் பிளாஸ்டிக்கின் ஆயுளைச் சொல்கிறது. இரண்டும் ஒரே அலகில், ஒரே தாளில், அடுத்தடுத்த வரிகளில் அச்சிடப்படுவது கொள்முதல் அலுவலர்களுக்கு நேர்ந்த தொல்லை என்றே கருதுகிறேன்.

வெப்பத்தால் மூலக்கூறுகள் சிதையும் வேகம், வெப்பநிலை 10 டிகிரி ஏறும்போது ஏறத்தாழ இருமடங்காகும் என்பது வேதியியலார் கையாளும் தோராயமான விதி. 20 டிகிரியில் இருபது ஆண்டு உழைக்கும் என்று ஐரோப்பாவில் கணக்கிடப்பட்ட பொருள், 30 டிகிரித் தீவில் பத்து ஆண்டுகளில் முதுமை அடையலாம். இங்கு எந்த நாளும் அனல் வீசுவதில்லை. ஆனால் எந்த இரவும் குளிர்வதும் இல்லை. ராஜஸ்தானத்துப் பொருளுக்குக் குளிர்காலத்தில் கிடைக்கும் ஓய்வு கார் நிக்கோபாரின் பொருளுக்குக் கிடைப்பதில்லை.

தண்ணீர் என்னும் மூன்றாவது கை

வெப்பநிலை, காலம் என இரண்டைச் சொன்னேன். மூன்றாவது ஈரம். என் உரையின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்க விரும்புகிறேன். ஏனெனில் இத்தீவில் பிளாஸ்டிக்கின் முதற்பகை வெயிலைவிட ஈரமே என்பது என் கணிப்பு.

கடலை மிட்டாய் செய்த அன்று பாகு கண்ணாடி போல இருக்கும். பல்லில் பட்டால் நறுக்கென்று உடையும். அடைமழைக் காலத்தில் மூடாமல் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். அதே மிட்டாய் தொய்ந்து, கையில் ஒட்டும். அடுப்பில் வைத்து யாரும் சூடாக்கவில்லை. அறையின் வெப்பநிலையும் மாறவில்லை. காற்றின் ஈரம் உள்ளே புகுந்து, பாகின் கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலையைக் கீழே இழுத்துவிட்டது. மிட்டாய் இருந்த இடத்தில் இருக்க, எல்லைக்கோடு அதைத் தாண்டிப் போய்விட்டது.

நைலானில் நடப்பதும் இதுவே. உலர்ந்த நைலான் 66 சுமார் 80 டிகிரி வரை விறைப்பாக இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும் இடத்தில் நாளடைவில் அந்த எல்லை 35 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. நீரில் முற்றிலும் ஊறிவிட்டால் சுழிக்கும் கீழே போய்விடுகிறது. கார் நிக்கோபாரின் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே இருப்பது வழக்கம். ஆகவே இங்கே சாதாரண அறை வெப்பநிலையிலேயே நைலான் தன் எல்லைக்கோட்டைக் கடந்த நிலையில்தான் வேலை செய்கிறது. விறைப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம். பருமனும் கூடுகிறது. நீரில் கிடக்கும் நைலான் தன் எடையில் 8 முதல் 9 சதவீதம் வரை நீரை உறிஞ்சும். ஒவ்வொரு சதவீதத்துக்கும் நீளம் ஏறத்தாழ கால் சதவீதம் வளர்கிறது. கோயம்புத்தூரில் கச்சிதமாகக் கடைந்த நைலான் புஷ் இங்கு வந்து இரண்டு மாதத்தில் தண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்வதன் காரணம் அதுதான். கடைந்தவர்மீது பழி சொல்வதில் பயனில்லை. வரைபடத்தில் ஈரத்துக்கு இடம் விடாதவரையே கேட்க வேண்டும்.

ஆனால் ஈரம் முழுக்க முழுக்கத் தீங்கு என்றும் எண்ணிவிடாதீர்கள். ஈரமேறிய நைலான் அடியைத் தாங்கும், உடையாது. அதே பல்சக்கரத்தை லடாக்கின் லே நகருக்கு அனுப்பினால், சுழிக்குக் கீழே 15, 20 டிகிரிக் குளிரிலும் வறண்ட காற்றிலும் அது நொறுங்கும் இயல்பைப் பெறுகிறது. நம் நாட்டின் படைகளும் தொலைத்தொடர்புத் துறையும் ஒரே வகைக் கருவியை லடாக்குக்கும் நிக்கோபாருக்கும் அனுப்ப வேண்டிய நிலையில் இருக்கின்றன. ஒரே பொருள் ஓரிடத்தில் தொய்கிறது, மற்றோரிடத்தில் உடைகிறது. நீரை அரை சதவீதத்துக்கு மேல் ஏற்காத பீக் போன்றவை விலைமிக்கனவாயினும் இத்தகைய இடங்களில் மதிக்கப்படுவது அவற்றின் வெப்பத் தாங்குதிறனுக்காக மட்டும் அன்று.

தண்ணீர் உள்ளே புகுந்து தங்குவது ஒரு வகை. சங்கிலியையே வெட்டிவிடுவது இன்னொரு வகை. இதை நீராற்பகுப்பு என்கிறோம். பாலியெஸ்டர், பாலிகார்பனேட், பாலிஇமைடு ஆகியவற்றின் சங்கிலியில் தண்ணீரால் வெட்டக்கூடிய கண்ணிகள் இருக்கின்றன. குளிர்ந்த நீரில் இது மிக மெதுவாக நடக்கும். வெப்பம் ஏறினால் வேகம் ஏறும். பாலிகார்பனேட் 150 டிகிரி வரை உறுதியாக நிற்கும் என்று சொன்னேன். அதே பொருளை 60 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் நெடுங்காலம் வைத்தால் வெடிப்பு கண்டுவிடும்.

இதற்கு மிகச் சிறந்த சான்று அமெரிக்கக் கடற்படையின் அனுபவம். 1970-களில் போர் விமானங்களின் மின்கம்பிகளுக்குப் பாலிஇமைடு உறை சுற்றுவது பரவலாயிற்று. காப்டான் என்பது அதன் வணிகப் பெயர். எடை குறைவு, மெல்லிய உறையே போதும், 200 டிகிரிக்கு மேலும் தொடர்ந்து வேலை செய்யும். விவரத்தாளைப் பொறுத்தவரை அதற்கு நிகரே இல்லை. ஆனால் விமானந்தாங்கிக் கப்பல்களின் மேல்தளத்தில், உப்பும் ஈரமும் கலந்த காற்றில், கம்பி வளைக்கப்பட்டிருந்த இடங்களில் உறை வெடிக்கத் தொடங்கியது. வெடிப்பின் வழியே மின்பொறி பாய்ந்தால் பாலிஇமைடு கரியாகிறது. கரியோ மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே ஒரு கம்பியில் தொடங்கிய பொறி கற்றை முழுவதையும் எரித்துவிடக்கூடும். 1980-களில் அமெரிக்கக் கடற்படை புதிய விமானங்களுக்கு அந்த வகைக் கம்பியைக் கைவிட்டது. 400 டிகிரியைத் தாங்கவல்ல பொருளை முப்பது டிகிரிக் காற்று வீழ்த்தியது. நாற்புறமும் கடல் சூழ்ந்த இத்தீவின் ஓடுதளமும் ஒரு வகையில் நங்கூரமிட்ட விமானந்தாங்கிக் கப்பலே.

நம் கையருகே உள்ள சான்று ஒன்றும் உண்டு. டீசலைக் கப்பலில் கொண்டுவந்து மின்சாரம் எடுக்கும் தீவுகளுக்குச் சூரிய மின்தகடுகள் வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. தகட்டின் முன்புறம் கண்ணாடி. பின்புறம் பெரும்பாலும் பல அடுக்குப் பிளாஸ்டிக் தாள். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நைலான் இனத்தைச் சேர்ந்த பின்தாளுடன் செய்யப்பட்ட தகடுகள் பல நாடுகளில் நான்கைந்து ஆண்டுகளிலேயே முதுகு வெடித்தன. அவை சோதனையில் தோற்றவை அல்ல. 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம் என்னும் பன்னாட்டுச் சோதனையை அவை கடந்தே வந்தன. அந்தச் சோதனை அறைக்குள் வெயில் இல்லை. இரவும் பகலும் இல்லை. வெப்பம், ஈரம், புற ஊதாக் கதிர், அன்றாடச் சுருக்கமும் விரிவும் ஆகிய நான்கும் ஒன்றாகத் தாக்கியபோதுதான் குறை வெளிப்பட்டது. தீவுகளுக்குத் தகடு வாங்குவோர் பின்தாள் எந்தப் பிளாஸ்டிக் என்று கேட்டறிவது நல்லது. பின்புறமும் கண்ணாடியே உள்ள தகடுகள் எடை கூடியவையாயினும் இங்கு ஏற்றவை.

குளிரின் பக்கம்

வெப்பத்தைத் தாங்கும் பொருள் குளிரையும் தாங்கும் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சாலஞ்சர் விண்ணோடம் ஏழு பேருடன் அழிந்தது. உந்துகலத்தின் இணைப்புகளை அடைத்திருந்த வளையங்கள் புளோரின் கலந்த ரப்பரால் ஆனவை. 200 டிகிரி வெப்பத்தையும் ஏற்பவை. அன்று காலையிலோ ஃபுளோரிடாவில் வெப்பநிலை சுழியை ஒட்டி இருந்தது. குளிரில் வளையம் தன் மீள்மையை இழந்து, திறந்த இடுக்கை உடனே நிரப்பத் தவறியது. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலர் ரிச்சர்ட் ஃபெயின்மன் அந்த ரப்பர்த் துண்டை ஒரு கவ்வியில் அழுத்தி, பனிக்கட்டி போட்ட நீரில் நனைத்து எடுத்து, அது திரும்ப எழாததை எல்லோர் முன்னிலையிலும் காட்டினார்.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று இதனினும் அண்மையானது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்படும் ஏவுகலங்களின் செய்திகளைப் போர்ட் பிளேரிலுள்ள நிலையம் பின்தொடர்ந்து பெறுவதை அறிவீர்கள். 2021 ஆகஸ்டு 12 அன்று ஏவப்பட்ட ஜி.எஸ்.எல்.வி.-எஃப் 10 கலத்தின் மூன்றாம் நிலை எரியவில்லை. புவி நோக்குச் செயற்கைக்கோள் ஒன்றை இழந்தோம். திரவ ஹைட்ரஜன் தொட்டியில் அழுத்தம் குறைந்ததே காரணம் என்றும், தொட்டியின் வால்வு ஒன்றில் மென்மையான சீல் பகுதி சேதமடைந்து கசிந்திருக்கக்கூடும் என்றும் ஆய்வுக் குழு முடிவு கண்டது. திரவ ஹைட்ரஜன் சுழிக்குக் கீழே 253 டிகிரியில் இருப்பது. அறை வெப்பநிலையிலிருந்து அந்தக் குளிருக்குப் போகும்போது எஃகு சுமார் 0.3 சதவீதம் சுருங்குகிறது. டெஃப்லான் 2 சதவீதம் சுருங்குகிறது. இத்தகைய ஏழு மடங்கு வேறுபாட்டை இடுக்கில் கசிவின்றிச் சமாளிப்பதே குளிர்நிலைப் பொறியியலின் பெரும் சிக்கல். கைவிரல் அளவுள்ள பாகங்களில் கோடிக்கணக்கான ரூபாய் தங்கியிருக்கிறது.

டெஃப்லானைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். சுழிக்குக் கீழே 200 டிகிரியிலிருந்து மேலே 260 டிகிரி வரை பயன்படும் இந்தப் பொருள், எல்லாவற்றுக்கும் நடுவே 19 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்கிறது. 30 டிகிரியில் மீண்டும் ஒரு சிறு மாற்றம். முதல் மாற்றத்தில் அதன் கன அளவு ஒரு சதவீதத்துக்கும் சற்றுக் கூடுதலாகப் பெருக்கிறது. கடுங்குளிரும் அன்று, கடும் வெப்பமும் அன்று. குளிரூட்டிய அறைக்கும் வெளி வராந்தாவுக்கும் உள்ள வேறுபாடுதான். 18 டிகிரிக்குக் குளிரூட்டிய பட்டறையில் அளந்து செய்த டெஃப்லான் வளையம், மூஸ் படகுத்துறையில் பெட்டியைத் திறக்கும்போது வேறு அளவில் இருக்கும். எந்த வெப்பநிலையில் அளக்கப்பட்டது என்பதை வரைபடத்தில் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

கடலடியில் ஒரு வடம்

இவ்வளவும் கேட்டபின், எளிய பொருள் ஒன்று தன் இடத்தில் எவ்வளவு சிறப்பாக உழைக்கிறது என்பதையும் காண வேண்டும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் உள்ளிட்ட தீவுகளுக்கும் இடப்பட்ட கடலடி ஒளியிழை வடம் 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. நீளம் சுமார் 2300 கிலோமீட்டர்; செலவு சுமார் 1224 கோடி ரூபாய். அதற்கு முன் செயற்கைக்கோளின் குறுகிய அலைவரிசையில் நெருக்கியடித்துச் சென்ற செய்திகள் இன்று இவ்வடத்தில் செல்கின்றன.

வடத்தின் நடுவே தலைமயிர் போன்ற கண்ணாடி இழைகள். சுற்றிலும் எஃகும், மின்சாரம் கொண்டுசெல்லச் செம்பும். அதன்மேல் பாலிஎத்திலீன் உறை. நான் முதலில் சொன்ன வரிசையில் குறைந்த வெப்பத்தையே தாங்கும் பொருள்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தையும் உப்பு நீரையும் பிரித்துவைக்கும் வேலை அதனிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ஏன்? அது நீரை ஏற்பதில்லை. நீரால் வெட்டக்கூடிய கண்ணி அதன் சங்கிலியில் இல்லை. 2 டிகிரிக் குளிர் அதன் நொறுங்கும் எல்லையிலிருந்து நூறு டிகிரிக்கும் மேல் தொலைவில் இருக்கிறது. கடலடியில் வெயில் இல்லை, ஆக்சிஜனும் குறைவு, வெப்பநிலையும் மாறுவதில்லை. இருபத்தைந்து ஆண்டு ஆயுளைக் கணக்கிட்டு இத்தகைய வடங்கள் அமைக்கப்படுகின்றன. ஆழ்கடல் பிளாஸ்டிக்குக்குக் கொடிய இடம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதற்கு அதைவிட அமைதியான இடம் கிடையாது. தொல்லை வருவது கரையேறும் இடத்தில்தான். அலை, பவளப்பாறையின் உராய்வு, நங்கூரம், வெயில் ஆகியவற்றுக்காக அங்கு வடத்தின்மேல் எஃகுக் கம்பிக் கவசம் சுற்றப்படுகிறது.

வரலாற்றில் இதற்கு முன்னோடி உண்டு. 1870-71-இல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே வங்கக் கடலின் குறுக்கே தந்தி வடம் இடப்பட்டபோது பாலிஎத்திலீன் பிறக்கவில்லை. மலாய் நாட்டு மரத்தின் பாலாகிய கட்டாபெர்ச்சாவே உறையாயிற்று. கடலடியின் குளிரில் அது பல்லாண்டு உழைத்தது. வெப்பமண்டல வெயிலிலோ இளகியது, காற்றுப் பட்டால் நொறுங்கியது. அதனால் வடத்தைக் கப்பலில் ஏற்றும்போதும் நீர்த் தொட்டிகளில் அமிழ்த்தியே கொண்டுசென்றார்கள். 1933-இல் இங்கிலாந்தில் பாலிஎத்திலீன் கண்டறியப்பட்டு, 1956-இல் அட்லாண்டிக்கின் குறுக்கே முதல் தொலைபேசி வடத்தில் பயன்பட்டபோதுதான் கட்டாபெர்ச்சாவின் காலம் முடிந்தது.

குடிநீர்க் குழாய்

அதே பாலிஎத்திலீன் கரையில் குடிநீர்க் குழாயாகிறது. இங்கு கணக்கு வேறு. பி.இ. 100 என்று முத்திரையிட்ட குழாயின் வலிமை, 20 டிகிரி நீரை ஐம்பது ஆண்டு சுமப்பதாகக் கொண்டு வகுக்கப்பட்டது. நீரின் வெப்பநிலை 30 டிகிரியானால் அனுமதிக்கத்தக்க அழுத்தத்தை 0.87 ஆல் பெருக்க வேண்டும். 40 டிகிரியானால் 0.74 ஆல். பத்து அலகு அழுத்தத்துக்கென வாங்கிய குழாய் இத்தீவில் எட்டே முக்கால் அலகுக்குச் சற்றுக் குறைவாகத்தான் நம்பத்தக்கது. பவளப்பாறையைத் தோண்ட முடியாமல் தரைமேலேயே போட்டுவிட்டால் ஏழரைக்கும் கீழே. குழாயில் கலந்துள்ள 2 முதல் 3 சதவீத நுண்கரித்தூள் புற ஊதாக் கதிரிலிருந்து அதைக் காக்கிறது. அதே கருமை வெயிலின் சூட்டையும் வாங்கித் தருகிறது. தென்னோலைக் கீற்றைக் குழாயின்மேல் பரப்புவது பார்வைக்கு எளிய வேலை. குழாய்க்கோ அது பல ஆண்டு ஆயுள்.

அலுவலர்கள் விவரக்குறிப்பு எழுதும்போது மூன்று வரிகளைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வெப்பநிலை எண் எத்தனை மணி நேரச் சோதனையில் கிடைத்தது என்பது ஒன்று. 80 சதவீத ஈரப்பதத்தில் நிலைபெற்ற பின் வலிமையும் அளவும் என்ன என்பது இரண்டு. வெயிலும் ஈரமும் சேர்ந்த சோதனை நடந்ததா என்பது மூன்று. விடை தர விற்பனையாளர் தயங்கினால், 1968-இல் சென்னையில் தொடங்கப்பட்ட சிப்பெட் நிறுவனம் போன்றவற்றின் ஆய்வுக்கூடங்களுக்கு மாதிரியை அனுப்பலாம். அதற்கு ஆகும் செலவு, இங்கிருந்து ஒரு முறை பழுது பார்க்க ஆளனுப்பும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

மாணவர்களுக்கு விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் தேவையில்லை. 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் தகட்டில் 10 சென்டிமீட்டர் நீளத் துண்டுகள் நான்கு வெட்டுங்கள். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் சில வாரம் உலர்த்தி, தங்கம் நிறுக்கும் தராசில் எடையையும் வெர்னியர் கருவியில் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று டப்பாவிலேயே இருக்கட்டும். ஒன்றை நிழலிலும், ஒன்றை வெயிலிலும், ஒன்றைக் கடல்நீர்ப் புட்டியிலும் வையுங்கள். கடல்நீரில் கிடந்ததை ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு நிறுக்க வேண்டும். முதல் வாரம் நாள்தோறும், பின்னர் வாரம் ஒரு முறை அளந்து, எடை உயர்வை நாள்களின் எண்ணிக்கைக்கு எதிராக அன்றி, அதன் வர்க்கமூலத்துக்கு எதிராக வரையுங்கள். தொடக்கத்தில் கோடு நேராக ஏறும். சில மாதங்களில் வளைந்து படுத்துவிடும். அது படுக்கும் உயரம் நிழலில் ஒன்றாகவும் கடல்நீரில் வேறாகவும் இருக்கும். நிழல் துண்டின் உயரமே கார் நிக்கோபாரின் காற்றுக்குரிய எண். எந்த விவரத்தாளிலும் அது அச்சிடப்படவில்லை.